வெளிநாட்டு எலெக்டிவ் போகும் நம் மாணவர்களுக்கு எட்டு வாரத்தில் என்ன சொல்லிக்கொடுப்பது?

கரையோரம் | திங்கள், இரவு 9.10

வணக்கம். சமூக மருத்துவம் கற்பிக்கிறேன். ஊரும் வேலையும் இராமநாதபுரம் கரைதான். 2019-இல் பாடத்திட்டம் மாறியபோது எம்.பி.பி.எஸ். படிப்புக்குள் எலெக்டிவ் என்று ஒன்று, மாணவரே தேர்ந்தெடுத்துச் சில வாரம் செய்யும் பயிற்சி, வந்தது உங்களுக்குத் தெரியும். அதில் ஆசை பிடித்து, இந்த வருடம் நான்கு பேர் வெளிநாட்டுக்கே போகிறோம் என்று வந்து நிற்கிறார்கள். பாடக்கணக்கில் சேராது, தேர்வு முடிந்த விடுப்பில் அனுமதி வாங்கிப் போகிறார்கள். இரண்டு பேர் இலங்கையின் வடக்குப் பக்கம். மற்ற இரண்டு பேர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி. கையில் எட்டு வாரம் இருக்கிறது. விசா, டிக்கெட் எல்லாம் எப்படியும் நடந்துவிடும். அதற்கு மேல் என்ன சொல்லிக்கொடுப்பது என்பதுதான் என் கேள்வி.

ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடம் முன்பு ஒரு கடலோர ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே வருடா வருடம் வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் வருவார்கள். ஒருநாள் விடியற்காலை திருக்கை முள் ஏறிய காலோடு ஒருவரைத் தூக்கிவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். தாங்குகிற சூட்டில் வெந்நீர் வைத்து வாளிக்குள் காலை விட்டிருந்தோம். அந்த விஷம் சூட்டில்தான் அடங்கும், இது நம் ஆட்களுக்கு டாக்டருக்கு முன்பே தெரியும். முள் உள்ளே முறிந்திருந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வந்திருந்த மாணவர் ஒருவர், நான் எடுக்கட்டுமா என்று கேட்டார். டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பையன் தன் ஊரில் ஒரு தையல்கூடப் போட்டதில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அண்ணன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி கத்தாமல் கிடந்தார். முடிந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "நம்ம டாக்டரு யாரும் இல்லையாம்மா?"

அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாணவர் தங்கமான பையன், இரவெல்லாம் கூடவே உட்கார்ந்திருந்தார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எனக்குப் பயமே அதில்தான் இருக்கிறது. என் நான்கு பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்.

இதுவரை நம் கரைக்கு வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இப்போது நாம் வேறொரு கரைக்குப் போகிறோம். போய்வந்தவர்கள், வந்தவர்களை ஏற்றவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.


வைகைக்கரை மருத்துவர் | திங்கள், இரவு 10.25

மதுரையில் தொற்றுநோய்ப் பிரிவில் இருக்கிறேன். ஊசி விஷயம் "எப்படியும் நடந்துவிடும்" என்று விடாதீர்கள் மேடம். எட்டு வாரம் என்பது அதற்கே இறுக்கமான கணக்கு.

ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, 0, 1, 6 மாதம். முதல் வருடமே போட்டிருக்க வேண்டும். போட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. ரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலைக்குப் பிறகு அது ஆயுள் முழுக்கச் செல்லுபடி, மறுபடி போட வேண்டாம். நோய் இருக்கிற நாட்டிலிருந்து அந்தச் சான்றிதழ், மஞ்சள் அட்டை, இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். இன்றே நாள் கேளுங்கள்.

மலேரியா பற்றி ஒன்று. நம் கரைப் பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் உண்டு. இராமேஸ்வரம் பக்கம் முறைக்காய்ச்சல் பார்க்காத குடும்பம் குறைவு, "எனக்கு இரண்டு தடவை வந்து போயிருக்கு சார்" என்பார்கள். நம்மிடம் பெரும்பாலும் வைவாக்ஸ் வகை மலேரியா. ஆப்பிரிக்காவில் அநேகமாக ஃபால்சிபாரம் வகை, அது இரண்டு மூன்று நாளில் ஆளைக் கொல்லக்கூடியது. ஊரில் வந்துபோன காய்ச்சல் அங்கே எந்தப் பாதுகாப்பும் தராது. மலேரியாவைத் தடுக்கும் மாத்திரை டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் தொடங்கி, அங்கிருக்கும்போது தினமும், திரும்பிய பிறகு நான்கு வாரம். இந்தக் கடைசி நான்கு வாரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். வந்த பிறகு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் அதே நாளில் ரத்தத்தடவல் பரிசோதனை.

பாம்புக்கும் இதே கதைதான். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குமானது. ஆப்பிரிக்கப் பாம்புக்கு அதை நம்பக்கூடாது. ஊரில் பழகிய கை அங்கே தானாக அதைத் தேடும்.


பூமத்தியரேகை | செவ்வாய், காலை 6.50

கரையோரம் அக்கா, நான் அந்த மாணவரின் இடத்தில் இருந்தவன். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஆறு வாரம் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். இப்போது பரமக்குடி பக்கம் வேலை.

போன மூன்றாம் நாள் ஒரு குழந்தைக்கு முதுகுத்தண்டு நீர் எடுக்கச் சொன்னார்கள். ஊரில் நான்கு தடவை நின்று பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. அங்கிருந்த கிளினிக்கல் ஆபீசருக்கு, அதாவது டாக்டர் பட்டம் இல்லாமல் சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவருக்கு, இதை எப்படிச் சொல்வது என்று கூச்சம். "இந்தியாவிலிருந்து வந்த டாக்டர்" என்று அவர் அறிமுகம் செய்துவைத்துவிட்டார், மாணவன் என்று நானும் திருத்தவில்லை. குழந்தையின் முதுகில் குத்திய ஊசி சரியான இடத்துக்குப் போகவில்லை, வெளியே எடுத்தபோது கை தவறிவிட்டது. என் இடது கை ஆட்காட்டி விரலில் இறங்கியது.

எச்.ஐ.வி. அதிகமாக இருக்கும் பகுதி அது. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். நான் கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. மருந்தகத்துச் சிஸ்டர் அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துத் தந்தார். உள்ளே இன்னும் இரண்டு டப்பாதான் இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். அது அந்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காக வைத்திருந்தது. உதவி செய்யப் போனவன் அவர்கள் மருந்தை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குழந்தைக்கு அப்புறம் வேறொருவர் நீர் எடுத்தார், முதல் முயற்சியிலேயே. நான் கூச்சப்படாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு தடவைதான் அழுதிருக்கும்.

அதனால் நான் சொல்வது இரண்டுதான். முதல் 28 நாள் மருந்தை இங்கிருந்தே வாங்கிப் பையில் போட்டு அனுப்புங்கள். அப்புறம், "எனக்கு இது தெரியாது, நான் மாணவன்" என்ற வாக்கியத்தை அந்த நாட்டு மொழியில் மனப்பாடம் செய்ய வையுங்கள். ஸ்வாஹிலியில் "மிமி நி ம்வானஃபுன்ஸி", நான் மாணவன் என்று பொருள். வணக்கம் சொல்லக் கற்பதற்கு முன்னால் இதைக் கற்க வேண்டும்.


மூன்றாம் வருடம் | செவ்வாய், மதியம் 1.40

நான் மேடத்தின் மாணவன், அந்த நான்கு பேரில் ஒருவன், இலங்கை போகிறவன். அப்பா பாம்பனில் நாட்டுப்படகுத் தொழில்.

மேடம் கோபப்படாமல் படிக்க வேண்டும். எல்லோரும் செய்யாதே செய்யாதே என்கிறீர்கள். இங்கே ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்கிறோம். பின்வரிசையில் நிற்பவனுக்கு நோயாளியின் முகம்கூடத் தெரியாது. வெளியே போனால் கை பழகும் என்று சீனியர் அண்ணன்கள் சொல்கிறார்கள். அங்கே போயும் ஓரமாக நின்று பார்ப்பதற்கு, கடன் வாங்கி ஏன் போக வேண்டும்? இது என் ஒருவன் கேள்வி இல்லை, நான்கு பேருக்கும் இருக்கிறது. கேட்கத் தயங்குகிறார்கள், நான் கேட்டுவிட்டேன்.


ஓய்வுபெற்ற செவிலி | செவ்வாய், இரவு 8.05

தம்பி, கேட்டது நல்லது. கோபப்பட ஒன்றுமில்லை.

முப்பத்திரண்டு வருடம் இந்தக் கரையில் சிஸ்டராக இருந்தேன். தேவிபட்டினம், தொண்டி, ஏர்வாடி என்று சுற்றிச் சுற்றி வேலை. உன் கை பழக வேண்டும் என்பது உண்மை. ஆனால் யாருடைய உடம்பில் பழகுவது? உன் ஊரில் ஒரு நோயாளியிடம் செய்ய உனக்கு அனுமதி இல்லாத ஒன்றை, அங்கே கேட்க ஆள் இல்லை என்பதற்காகச் செய்தால், அந்த ஊர்க்காரர் உடம்பு உன் ஊர்க்காரர் உடம்பைவிட மட்டம் என்று ஆகிவிடும். நீ அப்படி நினைக்க மாட்டாய். கை அப்படித்தான் சொல்லும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6. தர்காவில் வேண்டினால் குணமாகும் என்று மனநோயாளிகளைக் கூட்டிவரும் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிப்போனார்கள். நீ அப்போது பிறந்திருக்கவே மாட்டாய். அதற்கப்புறம் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. ஒருமுறை தர்கா பக்கத்துத் தெருவில் ஓர் அம்மா, புத்தி பேதலித்த மகளுக்குத் தலைசீவிக்கொண்டிருந்தார். கூட வந்த பெண் சட்டென்று கேமராவைத் தூக்கினாள். அந்த அம்மா சீப்பைக் கீழே போட்டுவிட்டுத் தன் முந்தானையால் மகளின் முகத்தை மூடினார். தன் முகத்தை மூடவில்லை, மகள் முகத்தை. அந்தக் கை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மருந்தும் வேண்டும், துவாவும் இருக்கட்டும் என்று இப்போது தர்கா பக்கத்திலேயே அரசு மனநல சிகிச்சை நடக்கிறது. "இதை ஏன் நம்புகிறீர்கள்" என்று கேட்கிறவரிடம் அந்தக் குடும்பங்கள் வாய் திறக்காது. "எத்தனை நாளாக இங்கே இருக்கீங்கம்மா, சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க" என்று கேட்பவரிடம் எல்லாவற்றையும் சொல்வார்கள். மாத்திரையையும் வாங்கிக்கொள்வார்கள். நீ போகிற ஊரிலும் ஒரு ஏர்வாடி இருக்கும் தம்பி.


பூமத்தியரேகை | செவ்வாய், இரவு 9.30

மூன்றாம் வருடத் தம்பிக்கு: கை பழக நம் ஊர்க் கேஷுவாலிட்டி இரவுப் பணி போதும், ட்யூட்டி டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார். அங்கே எனக்குக் கிடைத்தது வேறு. ஸ்கேன் இல்லாமல், பாதிப் பரிசோதனை இல்லாமல், கையால் தொட்டுப் பார்த்தும் கதை கேட்டும் ஒரு மனிதர் எவ்வளவு தூரம் நோயைச் சொல்ல முடியும் என்பது. அந்தக் கிளினிக்கல் ஆபீசர் மூன்று வருடப் படிப்பு படித்தவர். குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவார். கைக்கடிகாரத்தைக் கட்டிலில் கழற்றி வைத்துவிட்டு, அறுபது நொடியும் எண்ணுவார். நான் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குகிறவன். ஓரமாக நின்று பார்த்ததில்தான் இதைக் கற்றேன்.


வடமராட்சி | புதன், காலை 7.15

யாழ்ப்பாணப் பக்கம் வைத்தியராக இருக்கிறேன். வெளிநாட்டு மாணவர்களை ஏற்று நடத்திய அனுபவம் உண்டு. இந்த இழையை நண்பர் ஒருவர் அனுப்பினார், வாசித்ததும் எழுதத் தோன்றியது.

உங்கள் இரண்டு பிள்ளைகள் எங்களிடம் வருவதில் சந்தோஷம். "மொழி பிரச்சினை இல்லை, தமிழ்தானே" என்று நினைத்து வந்தால்தான் பிரச்சினை. முதலில் "வைத்தியர்" என்ற சொல்லையே பாருங்கோ. உங்கட பக்கம் அது மூலிகை மருந்து குடுக்கிறவர். எங்களுக்கு எல்லா டொக்டரும் வைத்தியர்தான். ஒரு வயோதிப அம்மா வந்து "மூண்டு நாளா வருத்தம்" என்றால் மனக்கவலை இல்லை, சுகமில்லை என்று அர்த்தம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் என்ன பிரச்சினை, யார் என்ன சொன்னார்கள் என்று கால்மணி நேரம் விசாரித்தா. அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். "நோ" என்றால் வலி. "நாரி நோ" என்றால் இடுப்பு வலி. "சத்தி" வாந்தி. "தடிமன்" ஜலதோஷம். "ஏலாது" என்றால் முடியாது. இதையெல்லாம் புத்தகத்தில் தேடவேண்டாம், வந்து ஒரு கிழமை காது குடுத்துக் கேட்டாலே வந்துவிடும். ஆனால் தெரியாது என்று தெரிந்து வரவேணும்.

1840களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற மருத்துவர் மானிப்பாய்க்கு வந்தார். தமிழைப் படித்து, மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்றையும் அறுவை மருத்துவத்தையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். கடலுக்கு அப்பால் இருந்து வந்தவர் அவ்வளவு செய்தார். உங்கட பிள்ளைகள் முப்பது சொல் பழகுவது பெரிய காரியம் இல்லை.

அடுத்தது மலேரியா, மதுரை வைத்தியர் சொன்னதற்கு மறுபக்கம். எங்களிடம் உள்ளூரிலேயே சுற்றிக்கொண்டிருந்த மலேரியா கடைசியாக வந்தது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று தந்தது. அதே வருட முடிவில் மன்னாரில் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பை, உங்கட சொல்லில் கொசுவை, கண்டுபிடித்தார்கள். கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும், உங்கள் கரையில் மலேரியாவைப் பரப்புகிற அதே நுளம்பு. இப்போது யோசியுங்கோ. நுளம்பு எங்களிடம் இருக்கு, கிருமிதான் இல்லை. வைவாக்ஸ் கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து திரும்ப வரும். இராமேஸ்வரத்தில் முறைக்காய்ச்சல் வந்த பிள்ளை அந்த ஒளிந்த கிருமியை அழிக்கும் பிரைமாகுயின் மாத்திரையைப் பதினான்கு நாளும் முடிக்காமல் எங்களிடம் வந்தால், நாங்கள் அரைநூற்றாண்டு பட்ட பாட்டை அந்தப் பிள்ளை கொண்டுவரும் ஒரு துளி ரத்தம் அழிக்கும். போகிற இடத்து நோய் தன்னைப் பிடிக்குமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். தான் என்ன கொண்டுபோகிறேன் என்று கேட்டவரை நான் கண்டது குறைவு.

கடைசியாக ஒன்று, எழுதுவதற்குக் கஷ்டமாக இருக்கு. பாம்பன் தம்பி, உமக்குத்தான். எங்கள் கரையில் உங்கட பக்கத்து விசைப்படகுகளின் இழுவைமடி, கடலடியை வாரி இழுக்கிற வலை, பற்றிக் கோபம் இருக்கு. 2017-இல் இங்கே அதைச் சட்டத்தால் தடைசெய்தார்கள். வலை அறுந்து, கடனில் இருக்கிற ஒருவர் கட்டிலில் இருந்து "உங்கட ஆக்கள்தானே" என்று உம்மைப் பார்த்துச் சொல்லக்கூடும். அப்போது என்ன செய்வீர்?


மூன்றாம் வருடம் | புதன், இரவு 11.20

வடமராட்சி ஐயா, காலையிலிருந்து யோசிக்கிறேன். எங்கள் வீட்டிலும் வலை அறுந்திருக்கிறது, விசைப்படகால்தான். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இழுவைமடி மேல் இங்கேயும் கோபம் இருக்கிறது. எங்கள் தெருவில் அங்கே சிறைக்குப் போய்த் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். அவர் அப்படிச் சொன்னால் எங்கள் வலை அறுந்த கதையைத்தான் முதலில் சொல்ல வாய் வரும். அது சரியா?


வடமராட்சி | வியாழன், காலை 6.30

பிழை இல்லை. ஆனால் முதல் நாள் சொல்லாதையும். அவர் வலி சொல்லுகிற நேரம் உம்மட வலியை வைத்தால் அது போட்டி ஆகிவிடும். எந்த வலை, எவ்வளவு நட்டம் என்று கேளும், தொழில் தெரிந்த பிள்ளை, உமக்குக் கேட்கத் தெரியும். மூன்றாம் நாள் அவரே உம்மட அப்பா என்ன தொழில் என்று கேட்பார்.


கீழக்கரை உம்மா | வியாழன், மாலை 4.45

அஸ்ஸலாமு அலைக்கும். ஆப்பிரிக்கா போகிற இரண்டு பேரில் ஒன்று என் மகள். எங்கள் ஊரில் ஆண்கள் கடல்தாண்டிப் போவது புதிதில்லை. மகளை அனுப்புவது எங்கள் வீட்டில் இதுதான் முதல் தடவை. அவள் வாப்பா சரி என்று சொல்லிவிட்டார், ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறார்.

நீங்கள் பேசுவதெல்லாம் பெரிய விஷயம். எனக்குச் சின்னக் கேள்விகள்தான். ராத்திரி பத்து மணிக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே யார் கதவைத் தட்டுவாள்? அந்த ஆளின் நம்பர் என்னிடமும் இருக்குமா? பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம், வண்டி யார் கொண்டுவருவார்? அவசரத்துக்கு விமானத்தில் கொண்டுவரும் இன்சூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறதாமே, அது எடுத்தாயிற்றா?


வைகைக்கரை மருத்துவர் | வியாழன், மாலை 5.30

லாத்தா, இவை சின்னக் கேள்விகள் இல்லை. எலெக்டிவ் போகிறவர்களுக்கு நோயைவிடச் சாலை விபத்துதான் பெரிய ஆபத்து. இரவில் பயணம் வேண்டாம், ஹெல்மெட் இல்லாமல் வாடகை பைக்கில் ஏறவேண்டாம், இந்த இரண்டையும் மகளிடம் நீங்களே சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் மறந்துவிடுவார்கள். இன்சூரன்ஸில் "மருத்துவ வெளியேற்றம்" இருக்கிறதா என்று தாளில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அங்கே இருக்கிற பொறுப்பு டாக்டர் ஒருவர், இங்கே கல்லூரியில் ஒருவர், இரண்டு நம்பரும் உங்கள் கையில் இருந்தால்தான் அனுப்ப வேண்டும்.


கரையோரம் | சனி, இரவு 10.00

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹெபடைடிஸ் அளவு நான்கு பேருக்கும் எடுத்துவிட்டோம். ஒருவருக்கு 10-க்குக் கீழே, மறுபடி போடத் தொடங்கியாயிற்று. முறைக்காய்ச்சல் வந்துபோனவர் இரண்டு பேர், ஒருவர் பிரைமாகுயினைப் பாதியில் விட்டவர். அவர்தான் இலங்கை போகிறவர். வடமராட்சி டாக்டர் எழுதியிருக்காவிட்டால் இதைக் கேட்கவே தோன்றியிருக்காது.

மற்ற விஷயத்துக்கு வருகிறேன். 2010-இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டல் ஒன்று இருக்கிறது. அனுப்புகிற நிறுவனம், ஏற்கிற நிறுவனம், போகிற மாணவர், பணம் தருகிறவர் என்று எல்லோருக்குமான கடமை அதில் உண்டு. ஏற்கிறவர்களுக்கு ஆகும் செலவையும் சுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. நான் இதுவரை அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிக்கொண்டு போனவள். ஒரு மாணவரைக் கூட வைத்துக்கொண்டு ஓபி பார்க்கும் டாக்டர் அன்றைக்கு எத்தனை நோயாளியைக் குறைவாகப் பார்ப்பார் என்று பதினைந்து வருடம் முன்பு என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் வாரம் ஒவ்வொருவரும் ஒரு தாள் எழுதப்போகிறார்கள். நான் தனியாகச் செய்யத் தெரிந்தது, ஆள் பக்கத்தில் இருந்தால் செய்யக்கூடியது, தொடவே மாட்டேன் என்பது. அது அங்கிருக்கும் டாக்டருக்கு முன்கூட்டியே போகும், அவர் திருத்தி அனுப்பலாம்.

இரண்டாவது, கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் போகிறோம். சின்னப்பாலம் பக்கம் ஓர் அக்காவிடம் பேசிவிட்டேன். மருந்து, ஊசி ஒன்றும் கிடையாது. நான்கு பேரும் போய் உட்கார்ந்து ஒரு மனிதரின் வேலையை, உடம்பு படும் பாட்டைக் கேட்டு எழுதிவர வேண்டும். போன் பையிலேயே இருக்கும்.

மூன்றாவதாக மண்டபம் இலங்கை அகதிகள் முகாமுக்குப் போய் ஈழத்துச் சொற்களைப் பழகலாம் என்று நினைக்கிறேன். இதைப் பற்றிக் கருத்துச் சொல்லுங்கள்.


முகாமில் பிறந்தவன் | சனி, இரவு 11.50

மேடம், மற்ற இரண்டும் நல்ல யோசனை. மூன்றாவதைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும்.

அம்மா 1990-இல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்து மணல்திட்டில் இறங்கியவர். நான் முகாமிலேயே பிறந்து வளர்ந்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனை பேர் நோட்டும் பேனாவுமாக வந்திருக்கிறார்கள் தெரியுமா? எப்படி வந்தீர்கள், எத்தனை பேர் செத்தார்கள், ராத்திரி கனவு வருமா? எழுதிக்கொண்டு போவார்கள். திரும்ப வந்து என்ன எழுதினோம் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. "சத்தி", "நாரி நோ" என்று சொல்லிக்காட்ட எங்கள் அம்மாக்கள் பயிற்சிப் பொம்மைகள் இல்லை. நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்று தெரியும். முதல் பதிவில் நீங்களே எழுதினீர்களே, நல்ல பிள்ளைகள் என்று.


கரையோரம் | ஞாயிறு, காலை 5.40

தம்பி, நீங்கள் சொன்னது சரி. நான் செய்ய இருந்தது அதுவேதான், எனக்குப் படவில்லை. மூன்றாவது இல்லை, எடுத்துவிட்டேன்.


முகாமில் பிறந்தவன் | ஞாயிறு, மாலை 6.15

அப்படி ஒரேயடியாக விட வேண்டாம் மேடம். எங்கள் சங்கத்துப் பெண்களிடம் கேட்டேன். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு மாத்திரைக் கணக்கு எழுதித் தர ஆள் வேண்டும் என்கிறார்கள். மாத்திரை மாறி மாறி வருகிறது, எது எதற்கு என்று குழம்புகிறார்கள். அதற்கு வாருங்கள், நான்கு சனிக்கிழமை. அனுமதிக்கு நான் கூட வருகிறேன். வந்து வேலையைப் பார்த்தால் பேச்சு தானாக வரும், சொல்லும் அதில் வரும்.


மூன்றாம் வருடம் | இரண்டு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8.30

பாசி எடுக்கும் அக்காவைப் பார்த்துவந்ததை மேடம் இங்கேயே எழுதச் சொன்னார்கள்.

பாம்பனில் பிறந்தவன் நான். பாசிக்குப் போகிற பெண்களைத் தினமும் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் கையைப் பார்த்ததில்லை. அவர் கடலிலிருந்து ஏறி வந்து மணலில் உட்கார்ந்து விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகப் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். துணி ஊறி விரலோடு ஒட்டியிருந்தது. உள்ளே தோல் வெள்ளையாகச் சுருங்கி, பார், அதாவது கடலடிப் பாறை, வெட்டிய கீறல்கள், சில பழையது, ஒன்று புதியது, சீழ் வைத்திருந்தது. "ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை" என்று கேட்கத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, எத்தனை நாள் கடலுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் என்றார், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. மற்ற நாள் பாசி வளரட்டும் என்று அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அந்தப் பன்னிரண்டு நாளில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் போனால் அந்த நாள் சம்பாத்தியம் திரும்ப வராது. மற்ற நாளில் வரலாமே என்றேன். "மத்த நாள்ல ஆறிப்போயிருமே தம்பி" என்றார்.

எனக்கு அதற்கு மேல் கேள்வி வரவில்லை. சீழ் வைத்த விரலைப் பற்றி மேடத்திடம் சொன்னேன், அன்று மாலையே ஆரம்ப சுகாதார நிலையச் சிஸ்டர் வீட்டுக்கு வந்து கட்டுப்போட்டார். நான் போடவில்லை, பக்கத்தில் நின்று துணி பிடித்தேன்.

யாழ்ப்பாணப் பக்கம் போனாலும் இதே கேள்வியைத்தான் கேட்பேன் என்று நினைக்கிறேன். எத்தனை நாள் கடலுக்குப் போவீர்கள்.


வடமராட்சி | வெள்ளி, இரவு 10.05

வாரும் தம்பி. உம்மட தாள் வந்தது. "தொடவே மாட்டேன்" என்பதில் பதினொன்று எழுதியிருக்கிறீர், அதில் இரண்டை நான் "பக்கத்தில் ஆள் இருந்தால்" என்பதற்கு மாற்றியிருக்கிறேன். காயத்துக்குக் கட்டுப்போடுவதை எங்கட தாதி பழக்குவா. ஒரு நிபந்தனை, வந்து முதல் கிழமை அவவோடுதான் வார்டு சுற்ற வேணும், என்னோடு இல்லை.


கீழக்கரை உம்மா | சனி, காலை 9.20

இரண்டு நம்பரும் வந்துவிட்டது. அந்த நாட்டு டாக்டரம்மா நேற்று வீடியோவில் பேசினார்கள். அவர்களுக்கும் என் மகள் வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதாம். இவள் வாப்பா நேற்று தூங்கினார்.


கரையோரம் | சனி, காலை 11.00

ஆப்பிரிக்கா போகிற இருவருக்கும்: கிண்டியில் வியாழக்கிழமை நாள் கிடைத்திருக்கிறது. புதன் இரவு சேது எக்ஸ்பிரஸ், இராமநாதபுரத்தில் ஏறுங்கள். பாஸ்போர்ட் அசல் வேண்டும், முட்டை ஒவ்வாமை இருந்தால் என்னிடம் இன்றே சொல்லுங்கள். முகாமுக்கு இன்று மாலை நான்கு மணி, நான்கு பேரும். சென்ற வாரம் மாத்திரை அட்டை எழுதித் தந்த வீடுகளில் முதலில் தட்டுங்கள், அட்டை புரிந்ததா என்று கேட்க வேண்டும்.